சரக்கு நிற்கக் கூடாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

மளிகைக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம், தள்ளுபடிக் கடைக்குள் தினமும் என்ன நடக்கும் என்று விவரமாக எழுதும்மா என்று கேட்டிருந்தாய். எங்கள் பழைய கடை மூடிப் பல வருஷம் ஆனாலும் அதில் வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குழு இன்னும் ஓய்ந்தபாடில்லை. உன் கேள்வியை அங்கே போட்டதும் கேஷியர், குடோன் ஆட்கள், பார்மசிஸ்ட், ஏரியா மேனேஜர் என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டார்கள். மூட்டை எடை, எம்.ஆர்.பி. மாறிய பாக்கெட், ராத்திரி கல்லாக் கணக்கு, இதெல்லாம் அவர்களுக்கு மறக்கவே இல்லை. அவர்கள் சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் கணக்கு. ஒரு பொருளின் எம்.ஆர்.பி. 100 ரூபாய், கொள்முதல் 88 என்று வைத்துக்கொள். தெருமுனைக் கடைக்காரர் 100க்கு விற்றால் அவருக்கு 12 ரூபாய். தள்ளுபடிக் கடை 94க்கு விற்கும், நிற்பது 6 ரூபாய். அவர் ஒரு தடவை விற்கும் நேரத்தில் நாம் இரண்டு தடவை விற்றால்தான் அவர் பார்த்ததை நாமும் பார்க்க முடியும். வாடகை, கரண்டு, சம்பளம் எல்லாம் அந்த 6 ரூபாய்க்குள்தான். அதனால் இந்தத் தொழிலில் விலையைக் குறைப்பது பெரிய வித்தை இல்லை, யார் வேண்டுமானாலும் குறைக்கலாம். குறைத்த விலையைத் தாங்குகிற வேகத்தில் சரக்கைச் சுழற்றுவதுதான் வேலை.

கடையில் 12 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு இருக்கிறது, கொள்முதல் விலையில் கணக்கிட்டால் மாதம் 24 லட்சத்துக்கு விற்கிறது என்றால், கையில் இருப்பது 15 நாள் சரக்கு. டிஸ்ட்ரிப்யூட்டர் 21 நாள் கடன் தருகிறார் என்றால், அவருக்குப் பணம் கொடுப்பதற்கு 6 நாள் முன்பே விற்ற காசு கல்லாவுக்கு வந்துவிடும். அவர் பணத்தில் நாம் வியாபாரம் செய்கிறோம். அதே சரக்கு 30 நாள் நின்றால் 9 நாளுக்கு நம் கைக்காசு மாட்டிக்கொள்ளும். ஒரு கடை என்றால் எப்படியோ சமாளிக்கலாம். நூற்றுக்கணக்கான கடைகள் என்றால் அந்த 9 நாளுக்கு வட்டிக்கு வாங்க வேண்டும், அந்த வட்டிக்கு 6 ரூபாயில் இடமே கிடையாது. கீழே எழுதுகிற ஒவ்வொன்றையும் இந்தக் கணக்கை மனதில் வைத்துப் படி.

சரக்கு இறக்கும் இடத்தில்தான் பாதி நஷ்டம் ஆரம்பிக்கிறது. வண்டி வந்ததும் பில்லை வாங்கி நம் ஆர்டரோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் பெட்டி எண்ணிக்கை. ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பெட்டியைப் பிரித்து உள்ளே உள்ள எண்ணிக்கை, எம்.ஆர்.பி., எக்ஸ்பயரி, பேட்ச் எண் நான்கையும் பார்க்க வேண்டும். ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே கழிந்துபோன பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவது நல்லது, ஏனென்றால் மீதி நாளில் விற்குமா என்பது நம் தலைவலி ஆகிவிடும். எண்ணிய பிறகுதான் கையெழுத்து. டிரைவர் அவசரப்படுத்துவார், ஒருவழிப்பாதை, போலீஸ் நிற்கிறார் என்பார். கையெழுத்துப் போட்ட பிறகு குறைந்த பெட்டிக்கு கிரெடிட் நோட், அதாவது அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ளும் சீட்டு, வாங்குவது லேசான காரியம் இல்லை.

இங்கே உன் மென்பொருள் கவனிக்க வேண்டியது ஸ்கீம் சரக்கு. 12 வாங்கினால் 1 இலவசம் என்று கம்பெனி கொடுக்கும். பில்லில் 12க்கு 1,056 ரூபாய், இலவசம் கீழே தனி வரியில் பூஜ்ய விலையில் இருக்கும். இறக்குபவர் அந்த வரியை ஏற்றாமல் விட்டால் இரண்டு தப்பு நடக்கும். ரேக்கில் 13, கணினியில் 12, அந்த ஒன்று காணாமல் போனாலும் யாருக்கும் தெரியாது. இன்னொன்று, அடக்க விலை 88 என்று கணினி நினைத்துக்கொள்ளும். உண்மையில் 1,056ஐ 13ஆல் வகுத்தால் 81 ரூபாய் 23 காசு. விலை வைப்பவர் 88ஐப் பார்த்துப் பயந்துகொண்டு தள்ளுபடியைக் குறைத்துவிடுவார், பொருள் நின்றுவிடும்.

எம்.ஆர்.பி. பற்றிக் குழுவில் எல்லோருமே எழுதினார்கள், கேஷியர்களை அதிகம் அழவைத்தது அதுதான். பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு பைசா வாங்கினாலும் சட்டப்படி குற்றம், கீழே எவ்வளவு வேண்டுமானாலும் விற்கலாம். சிக்கல் என்னவென்றால், கம்பெனி விலையை ஏற்றினாலும் பார்கோடை மாற்றுவதில்லை. பழைய 42 ரூபாய் பாக்கெட்டும் புது 45 ரூபாய் பாக்கெட்டும் ஒரே பார்கோடோடு ஒரே ரேக்கில் நிற்கும். ஸ்கேன் செய்ததும் கணினி புது விலையை எடுத்துக்கொண்டால், பழைய பாக்கெட்டை எடுத்த வாடிக்கையாளருக்கு 42க்கு மேல் பில் விழுந்துவிடலாம். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார், அவர் பக்கம்தான் நியாயம். ஆகவே ஒரு பார்கோடுக்குக் கீழே ஒன்றுக்கு மேற்பட்ட எம்.ஆர்.பி. இருப்பு இருந்தால், ஸ்கேன் செய்த உடனே எந்த விலை என்று திரை கேட்க வேண்டும். பழைய விலையின் இருப்பு தீர்ந்ததும் தானாகவே கேட்பதை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் கேஷியர் பார்க்காமலே முதல் வரியை அமுக்கப் பழகிவிடுவார், நீ கேட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

பார்கோடு மங்கிப்போனால் எண்ணைக் கையால் அடிப்பார்கள். 13 இலக்கம், இந்தியாவில் பதிவான கம்பெனி என்றால் 890 என்று தொடங்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்காகவே உள்ளது. முதல் 12இல் ஒற்றைப்படை இடங்களைக் கூட்டு, இரட்டைப்படை இடங்களைக் கூட்டி 3ஆல் பெருக்கு, இரண்டையும் சேர், அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் 13ஆவது இலக்கம். 890123456789 என்று எடுத்துக்கொண்டால் 28ம், 34ஐ மூன்றால் பெருக்கிய 102ம் சேர்ந்து 130, எனவே கடைசியில் 0. உனக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் தப்பாக அடித்த எண்ணை மென்பொருள் அங்கேயே பிடிக்காவிட்டால், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கும்போது கேஷியர் கைக்கு வந்த ஏதோ ஒரு பொருளின் பெயரில் பில் போட்டு அனுப்பிவிடுவார். பருப்பு ஒன்று கூடும், சோப்பு ஒன்று குறையும். மாதக் கடைசியில் இரண்டும் திருட்டு மாதிரித் தெரியும்.

இனி பேக்கிங். துவரம்பருப்பு, சர்க்கரை, பச்சரிசி எல்லாம் 50 கிலோ மூட்டையில் வரும், கடையிலோ குடோனிலோ 1 கிலோ, அரை கிலோ பாக்கெட்டாகப் பிரிக்க வேண்டும். மூட்டை வந்ததும் தராசில் ஏற்று, சாக்கின் எடையைக் கழி. பருப்பில் தூசியும் உடைசலும் போகும், சர்க்கரை மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டி தட்டும். இதையெல்லாம் விட அதிகம் போவது கைதாராளத்தில். கிலோ பாக்கெட்டுக்கு 10 கிராம் கூடப் போட்டால் 50 பாக்கெட்டுக்கு அரை கிலோ, அதாவது நூற்றுக்கு 1. பருப்பில் நமக்கு நிற்பதே நூற்றுக்கு ஐந்தாறு ரூபாய் என்றால், லாபத்தில் ஆறில் ஒரு பங்கு கை வழியாகப் போய்விட்டது. குறைத்துப் போட்டால் அது இன்னும் மோசம், முத்திரை ஆய்வாளர் பிடித்தால் வழக்கு, வாடிக்கையாளர் வீட்டில் நிறுத்துப் பார்த்தால் மானம் போகும். கவரின் எடையைக் கழித்துத் தராசைப் பூஜ்யத்தில் வைத்துத்தான் தொடங்க வேண்டும், மின்விசிறிக்குக் கீழே தராசை வைக்கக் கூடாது. மின்னணுத் தராசுக்கு வருஷம் ஒரு முறை முத்திரை போட்டாக வேண்டும், அந்தத் தேதியையும் மென்பொருள் நினைவூட்டினால் புண்ணியம்.

ஒவ்வொரு மூட்டையும் பிரித்து முடித்ததும் எத்தனை பாக்கெட், எவ்வளவு கழிவு என்று அன்றைக்கே ஏற்ற வேண்டும். நாளைக்குச் சேர்த்து எழுதலாம் என்று விட்டால் எந்த மூட்டையில் போனது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கடையில் அடித்து ஒட்டும் எடை பார்கோடுகள் 2 என்று தொடங்கும், உள்ளே பொருளின் எண்ணும் எடையும் அல்லது விலையும் சேர்ந்திருக்கும். விலையைப் பொதித்தால், நடுவில் விலை மாறினால் ஒட்டிய பாக்கெட்டையெல்லாம் உரித்து ஒட்ட வேண்டும். எடையைப் பொதித்துவிடு.

ரேக் அடுக்குவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் எக்ஸ்பயரி ஆகும் பொருள் முன்னால், புதிது பின்னால், கனமானது கீழே. புதுப் பெட்டியை அப்படியே முன்னால் வைத்து மூடுவது மட்டும் எல்லா இடத்திலும் நடக்கும், ஏனென்றால் பழையதை எடுத்துவிட்டுப் பின்னால் வைக்க இரட்டிப்பு நேரம் ஆகும். அதற்கு ஆள் நேரம் ஒதுக்காத மேனேஜர் மூன்று மாதம் கழித்து எக்ஸ்பயரி சரக்காக விலை கொடுப்பார்.

கல்லாவுக்கு வருகிறேன். காலையில் ஒவ்வொரு கவுன்டருக்கும் சில்லறை கொடுக்க வேண்டும். 2,000 ரூபாய் என்றால் 100 ரூபாய் 5, 50 ரூபாய் 10, 20 ரூபாய் 25, 10 ரூபாய் 30, நாணயத்தில் 5 ரூபாய் 20, 2 ரூபாய் 30, 1 ரூபாய் 40. இந்தக் கலவை சரியாக இருந்தால் மத்தியானம் வரை சில்லறைக்குப் பக்கத்துக் கவுன்டரில் கடன் கேட்க வேண்டாம். கவுன்டருக்குக் கவுன்டர் சில்லறைக் கடன் வாங்கி எழுதாமல் விடுவதில்தான் ஒன்றில் குறைவும் இன்னொன்றில் அதிகமும் வருகிறது. பணம் சேரச் சேர, பகலிலேயே பெரிய நோட்டுகளை எடுத்து லாக்கருக்கு அனுப்பிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரவு மூடும்போது கேஷியர் நோட்டு வாரியாக எண்ணி எழுத வேண்டும். அதற்கு முன்னால் கணினி எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவருக்குக் காட்டக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், குழுவில் அத்தனை பேரும் சொன்னார்கள். தொகையை முதலிலேயே காட்டினால், களைத்துப்போனவர் எண்ணாமலே அந்தத் தொகையை எழுதுவார், அல்லது கூடுதலாக இருப்பதை எடுத்துச் சரிசெய்வார். எண்ணி முடித்த பிறகு வித்தியாசத்தைக் காட்டு. குறைவு வந்தால் திட்டுவார்கள், அதிகம் வந்தால் சும்மா விடுவார்கள். அது தப்பு. அதிகம் என்றால் யாரோ ஒருவருக்குச் சில்லறை குறைவாகப் போயிருக்கிறது, இல்லாவிட்டால் பில் போடாமல் சரக்கு வெளியே போயிருக்கிறது. குறைவுக்கு வழக்கமான காரணங்கள் மூன்று: கார்டு அல்லது ஜிபே பில்லை ரொக்கம் என்று அடித்தது, நிறுத்தி வைத்த பில்லைத் திரும்ப எடுக்காமல் புது பில் போட்டது, வாடிக்கையாளர் பொருளைத் திருப்பியதும் பில்லை ரத்து செய்யாமல் பணம் கொடுத்தது. உன் திரையில் இந்த மூன்றையும் ராத்திரி தனியாகப் பட்டியல் போட்டுக் காட்டிவிட்டால் கேஷியர்கள் உன்னை வாழ்த்துவார்கள்.

இருப்புக் கணக்கெடுப்பை வருஷக் கடைசிக்கு வைக்கக் கூடாது. தினமும் 20 பொருள் எண்ணினால் போதும். பிளேடு, முகக் கிரீம், நெய், குழந்தைப் பால் பவுடர், சாக்லேட், இவை சிறியவை அல்லது விலை கூடியவை, அடிக்கடி எண்ண வேண்டும். குறைவு வந்தால் உடனே திருட்டு என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம். இறக்கும்போது குறைவாக வந்தது, தப்புப் பெயரில் பில் ஆனது, டேமேஜை எழுதாமல் தூக்கிப்போட்டது என்று தேடிப் பார்த்த பிறகுதான் ஆளைப் பார்க்க வேண்டும். குறைவை எல்லோர் சம்பளத்திலும் சமமாகப் பங்கு போட்டுப் பிடிப்பது சில கடைகளில் வழக்கம். ஒருவரின் கவனக்குறைவால்தான் நஷ்டம் என்றால் மட்டுமே, அதுவும் அவரிடம் விளக்கம் கேட்ட பிறகே பிடிக்கலாம் என்பது 1936ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் தொட்டே இருக்கிற விதி. யாராவது உன்னிடம் அப்படிப் பங்கு போடும் பட்டன் கேட்டால் செய்து கொடுக்காதே.

மருந்துப் பிரிவு தனி உலகம், பார்மசிஸ்ட் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். விலைக் கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்துக்குச் சில்லறைக் கடைக்காரரின் பங்கு 16 சதவீதம், மற்றவற்றில் வழக்கமாக 20. எல்லா மருந்துக்கும் 10 சதவீதம் தள்ளுபடி என்று பலகை வைத்தால் அதற்குள்தான் கொடுக்க வேண்டும், எனவே ஒரு மாத்திரைப் பட்டை எக்ஸ்பயரி ஆகி நின்றுவிட்டால் பல பட்டைகளின் லாபம் அதில் போகும். பேட்ச் எண் வாரியாக இருப்பு இல்லாத மென்பொருள் மருந்துக்கு உதவாது. இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுதி வைக்க வேண்டும். ராத்திரி கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைப்பவர் ஃப்ரிட்ஜையும் சேர்த்து அணைத்துவிடாதபடி அதற்குத் தனி இணைப்பு வேண்டும்.

இவ்வளவு ஒழுங்காக வேலை நடந்தும் பெரிய கடைகள் ஏன் சாய்கின்றன என்று கேட்டிருந்தாய். நம் ஊரில் எல்லோருக்கும் நினைவிருப்பது சுபிக்ஷா என்ற தள்ளுபடிக் கடை. 1997இல் சென்னையில் தொடங்கி, 2008 வாக்கில் நாடு முழுவதும் சுமார் 1,600 கடைகள் ஆகி, 2009 தொடக்கத்தில் கையில் பணம் இல்லாமல் கதவை மூடியது. அதே பருவத்தில் பிரிட்டனில் வூல்வொர்த்ஸ் என்ற சங்கிலிக் கடையின் 807 கடைகளும் 2008 டிசம்பர் 27க்கும் 2009 ஜனவரி 6க்கும் இடையில் ஒவ்வொன்றாக மூடின, ஏறக்குறைய 27,000 பேருக்கு வேலை போனது. முதலாளிகள் செய்த தவறுகளைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கடைக்குள் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் காணாமல் போவது வேகமாக ஓடுகிற சரக்கு. பணம் நிலுவை ஏறியதும் டிஸ்ட்ரிப்யூட்டர் கடனை நிறுத்தி ரொக்கம் கேட்பார். அவரிடம் இருக்கும் நல்ல சோப்பு, நல்ல எண்ணெய், பால் பவுடர் எல்லாம் வேறு எந்தக் கடையிலும் அன்றைக்கே விற்கும், நமக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஓடாத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே நல்லது போய்விடும், நிற்பது நிற்கும். காலி இடம் தெரியாமல் இருக்க, ஒரே ஊறுகாயை நான்கு தட்டுக்குப் பரப்பி அடுக்கச் சொல்வார்கள். வாடிக்கையாளர் இருபது பொருள் சீட்டோடு வந்து ஏழுதான் கிடைத்தால், மீதி பதின்மூன்றுக்குப் பக்கத்துக் கடைக்குப் போவார், அடுத்த மாதம் இருபதுக்கும் அங்கேயே போவார். விற்பனை குறையும், டிஸ்ட்ரிப்யூட்டருக்குக் கொடுக்கக் காசு இன்னும் குறையும். இதற்குப் பிறகுதான் கேரி பேக் தீர்வது, பில் ரோல் வராமல் போவது, வாடகை பாக்கி, காவலாளி வராமல் போவது, கடைசியில் சம்பளம் நிற்பது.

இதில் உனக்கான விஷயம் இருக்கிறது. இப்படி ஆன பிறகும் கணினியில் இருப்பு 12 லட்சம் என்றே காட்டும். தலைமை அலுவலகத்தில் அந்த எண்ணைப் பார்ப்பவர் சரக்கு நிறைய இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பார். ஊறுகாயும் ஓடாத ஷாம்பூவும் சேர்ந்த 12 லட்சம் அது. மொத்த இருப்பின் மதிப்பை முதல் பக்கத்தில் போடாதே. அதிகம் விற்கும் 100 பொருளில் இன்று எத்தனை ரேக்கில் இல்லை, எத்தனை நாளாக இல்லை என்பதை முதல் வரியில் போடு. அதற்குக் கீழே 60 நாளாக ஒன்றுகூட விற்காத சரக்கின் மதிப்பைப் போடு. இந்த இரண்டு எண்ணும் ஒன்றாக ஏறத் தொடங்கினால், அந்தக் கடை செய்தித்தாளில் வருவதற்குப் பல மாதம் முன்பே சிக்கலில் இருக்கிறது.

நீயும் மாதச் சம்பளக்காரி என்பதால் இதையும் எழுதுகிறேன். கம்பெனி மூடினால் கையில் காகிதம் இருப்பவருக்குத்தான் பணம். சம்பளச் சீட்டு, வேலையில் சேர்ந்த கடிதம், வங்கிக் கணக்கு விவரம் இவற்றை அலுவலக மெயிலில் வைக்காமல் உன் சொந்த இடத்தில் வை, அலுவலக மெயில் ஒரே நாளில் அடைபட்டுவிடும். பி.எஃப். பிடித்த தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், கட்டினார்களா என்று பாஸ்புக்கில் மாதாமாதம் பார். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது குற்றம். 2016ஆம் வருஷத் திவால் சட்டப்படி கம்பெனியைக் கலைத்தால், தொழிலாளர்களின் கடைசி 24 மாத நிலுவை அடமானம் பிடித்த கடன்காரருக்குச் சமமாக நிற்கும். மற்ற ஊழியர்களுக்குக் கடைசி 12 மாத நிலுவை அதற்கு அடுத்த வரிசை. பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகளைக் கடன்காரர்களுக்குப் பங்கு போட முடியாது. ஆனால் கேட்டால்தான் வரும், தாமதிக்காமல் நிலுவைக் கணக்கைச் சான்றோடு கொடுத்துவிட வேண்டும். பெரிய கடைகள் மூடியபோது நிறையப் பேர் எல்லாம் போய்விட்டது என்று ஊருக்குத் திரும்பிவிட்டார்கள், எங்கே கேட்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று, கவுன்டர் உயரம். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று ஆக்கினார்கள், கேரளத்தில் 2018லேயே வந்துவிட்டது. எங்கள் காலத்து கேஷியர்களில் பலருக்கு இன்று முழங்காலும் நரம்பு சுருண்ட காலும்தான் மிச்சம். நீங்கள் திரையும் ஸ்கேனரும் பொருத்திக் கொடுக்கும்போது, உட்கார்ந்தபடியே எட்டுகிற உயரத்தில், உட்கார்ந்தபடியே படிக்கிற எழுத்தளவில் வை. பில் போட எழுந்து நின்றே ஆக வேண்டும் என்கிற மாதிரி அமைத்துவிட்டால், ஸ்டூல் இருந்தும் யாரும் உட்கார மாட்டார்கள்.

முதல் கடையில் மென்பொருளைப் போடும்போது ஒரு நாளாவது சரக்கு இறக்கும் இடத்தில் நில், ஒரு ராத்திரியாவது கல்லா மூடும்வரை இரு. எம்.ஆர்.பி. தேர்வுத் திரையை எப்படி வைக்கப் போகிறாய் என்று படம் எடுத்து அனுப்பு, குழுவில் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா